மீட்டிய பின்

கோட்டுவாத்தியத்தின் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, இடக்கையிலுள்ள கருங்காலிக் கட்டையைச் சிறிதும் அசைக்காமல், எழுந்த நாதம் எவ்விடத்தில் அடங்குகிறது என்று செவிசாய்த்துக் காத்திருப்பது சில மாதங்களாக என்னைப் பற்றிக்கொண்டிருக்கும் வழக்கம். சாதகம் பண்ண உட்கார்ந்தவன், அரைமணி நேரம் கழித்து யோசித்துப் பார்த்தால், ஒரே ஷட்ஜத்தை இருபது முப்பது தடவை மீட்டி, அத்தனை தடவையும் அது மறைவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். செய்யூரில் இரவு பத்து மணிக்குமேல் கடைத்தெரு ஓய்ந்து, மதுராந்தகம் போகும் சாலையில் லாரிகளும் அரிதாகிவிட்ட பிற்பாடு, உப்பளங்களின் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று தென்னை ஓலைகளைத் தொட்டுவிட்டுப் போகும் சப்தம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்; அந்தச் சப்தத்துக்குள் தந்தியின் நாதம் புகுந்து, எது காற்று எது தந்தி என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கணத்தில் இல்லாமல் போகும். முடிந்தது என்று நான் எண்ணுவதற்கு முன்பே அது முடிந்துவிட்டதா, எண்ணிய பிறகும் பலாமரக் குடத்துக்குள் இருந்துகொண்டிருக்கிறதா என்பது ஒருநாளும் எனக்கு நிச்சயமானதில்லை. அதே தந்தியை ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் வழியாகக் கேட்கும்போதோ முடிவு சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது. ஒரு பெட்டியில் அது பெட்டியின் இரைச்சலில் விழுந்து மூழ்குகிறது. இன்னொன்றில் கத்தரித்த துணியைப்போல் விளிம்போடு நின்றுவிடுகிறது. எந்தப் பெட்டியை வாங்குவது என்று தொடங்கிய சாதாரண யோசனை, இந்த வாத்தியத்தின் ஒலி எதுவரைக்கும் வாத்தியத்தினுடையது என்ற சம்சயத்தில் கொண்டுவந்து என்னை விட்டிருக்கிறது.

சம்சயத்துக்கு வித்திட்டது ஒரு கிராமத்துக் கோயில் கச்சேரி. கூரையிட்ட பந்தல், இரண்டு பக்கமும் தென்னை மரங்களில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள், எதிரே நூறு பேருக்குமேல் ஜனங்கள். வாத்தியத்தின் மேற்பலகையில் நாணயம் அளவுள்ள காண்டாக்ட் மைக்கை மெழுகு வைத்து ஒட்டி, அதன் வயரை மைக்செட்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பாடகர்களுக்கான மைக் துவாரத்தில் சொருகினார். கச்சேரி முடிந்து நான் உறையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, உப்பளத்தில் வெகுகாலம் வேலை செய்த முதியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. ஆனா ஒவ்வொரு வாட்டியும் ஆரம்பிக்கிறது கேக்குது, அப்புறம் அது எங்க போவுதுன்னு தெரியல." குறையாகச் சொல்லவில்லை, தமக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்ற கவலையில்தான் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. ஏனெனில் கோட்டுவாத்தியத்தில் சங்கீதம் என்று எதைச் சொல்கிறோமோ அது முழுவதும் "அப்புறம்" நிகழ்வது. மெட்டுகள் இல்லாத இந்த வாத்தியத்தில் வலக்கை ஒருமுறை மீட்டியவுடன் அதன் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரே மீட்டின் மிச்சத்தில்தான் இடக்கைக் கட்டை காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு ஏறி, அசைந்து, ரிஷபத்துக்கு வழுக்கி இறங்குகிறது. மீட்டு என்பது மூச்சை இழுப்பது மாதிரி. பாட்டு அதற்குப் பிறகு வருகிறது. கோட்டுவாத்தியக் கலைஞர் திருவிடைமருதூர் சகாராம ராவிடம் செம்மங்குடி சீனிவாச ஐயர் கற்றார் என்பதை நினைக்கும்போது, ஒரு வாய்ப்பாட்டுக்காரர் தந்தி வாத்தியக்காரரிடம் போய்ப் பெற்றது எதுவாக இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். மீட்டின் மிச்சத்தில் நிகழும் இந்த இழைதல்தான் அது என்பது என் அனுமானம். அந்தப் பந்தலில் நூறு பேருக்கும் நான் கொடுத்தது மூச்சிழுக்கும் ஓசைகளின் வரிசை மட்டுமே.

காரணத்தைத் தேடிப் போனால் அது மின்சார சாஸ்திரத்தில் மிகவும் எளிமையான இடத்தில் இருக்கிறது. அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் அந்தச் சிறுவில்லை, தன் முன்னால் ஏறக்குறைய 10 லட்சம் ஓம் அல்லது அதற்கும் மேலான தடையை எதிர்பார்க்கிறது. பாடகர்களுக்கான மைக் துவாரமோ சில ஆயிரம் ஓம்கள் மட்டுமே கொண்டது. வில்லை ஒரு மின்தேக்கியைப்போல் நடப்பதால், தடை குறையக் குறையக் கீழ்ஸ்தாயி அலைகள் முதலில் வற்றிப்போகின்றன. மிஞ்சுவது தகரத்தைத் தட்டினாற்போன்ற மேல்ஸ்தாயிச் சிலும்பல். கூம்பு ஒலிபெருக்கியும் தன் பங்குக்கு அடிநாதத்தை விழுங்கிவிடும். அது தூரத்துக்குப் பேச்சைக் கொண்டுசெல்லச் செய்யப்பட்ட கருவி. இவ்வளவும் நடந்த பிறகு, மீட்டு விழும் கணத்தில் கூம்பு கிறீச்சிடுவதைக் கேட்ட மைக்செட்காரர், தம் தொழில் தர்மப்படி, ஒலியைக் குறைத்துவிட்டார். அவர் குறைத்தது மீட்டை உத்தேசித்து. குறைந்துபோனதோ அதன் பின்னால் வந்த கமகம் அத்தனையும். இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாதத்தின் தலையைப் பார்த்துப் பெட்டியைத் திருத்துவது அவருக்கு மாத்திரம் உள்ள வழக்கமன்று. கடையில் நின்று பெட்டி வாங்கும் நாம் அனைவரும் அப்படித்தான் செய்கிறோம். பளீரென்று ஒரு மீட்டு, "ஆகா, என்ன கம்பீரம்" என்று ஒரு சொல், பணம் எண்ணியாகிவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது, விசித்திரமாக, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளில் வாசிக்கப்படும் பெடல் ஸ்டீல் கிதாரைப் பற்றி அறிந்துகொண்டபோது. ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெக்கூக்கு என்ற இளைஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிதாரை மடியில் கிடத்தி உருக்குத் துண்டால் தந்திகளை வழுக்கி வாசித்ததிலிருந்து தொடங்கும் அந்த வம்சம், கோட்டுவாத்தியத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்கது. 1932ல் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த, வாணலி என்று செல்லப்பெயர் பெற்ற அலுமினிய மின்கிதாரும் மடியில் கிடத்தி வழுக்கி வாசிப்பதுதான். கிதாருக்கு மின்சாரம் வந்தபோது முதலில் அதை வேண்டி நின்றவன் வழுக்கி வாசிப்பவன் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு அதற்குக் கால் வந்தது, மிதி வந்தது; 1954ல் வெப் பியர்ஸ் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ், நாதம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்திச் சில தந்திகளின் ஸ்வரத்தை மட்டும் ஏற்றிக் காட்டியதிலிருந்து அந்த வாத்தியத்தின் பாஷையே மாறியது. அந்த வாத்தியத்துக்குக் குடம் கிடையாது. சட்டத்தின்மேல் பத்துத் தந்திகள், அடியில் கம்பிகளும் நெம்புகோல்களும். மின்சாரம் இல்லாவிட்டால் அருகில் இருப்பவனுக்கே சரியாகக் கேட்காது. ஆகையால் அதை வாசிப்பவன் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது, நம் ஊர் ஆசாரி பலாமரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமானம். மற்ற கிதார்க்காரர்கள் வால்வுகள் திணறும்போது பிறக்கும் கரகரப்பை நாடிப் பெட்டி வாங்குகையில், இவன் ஒருபோதும் திணறாத பெட்டியைத் தேடுகிறான். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற வால்வுப் பெட்டி, 85 வாட் அளவும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டும் கொண்டது, வெகுகாலம் அவர்களுக்குத் துணையாக இருந்தது. 1970களில் பீவி நிறுவனம் செஷன் 400 என்று 200 வாட் அளவில், பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு டிரான்ஸிஸ்டர் பெட்டியைக் கொண்டுவந்தபோது அவர்களில் பலர் தயக்கமின்றி அதற்கு மாறினார்கள். வால்வுதான் உயர்ந்தது என்ற பொதுவான பக்தி அவர்களிடம் செல்லவில்லை.

200 வாட் எதற்கு என்று முதலில் நானும் மலைத்தேன். சிறிய அறைகளிலும் வாசிக்கிறவர்கள் அல்லவா. பிறகு புரிந்தது. மீட்டின் தொடக்கம் அதன் பின்தொடரும் நாதத்தைவிடப் பத்து டெசிபெல்லும் அதற்கு மேலும் உயர்ந்திருக்கக்கூடும். பத்து டெசிபெல் என்பது சக்திக் கணக்கில் பத்து மடங்கு. நீண்டொலிக்கும் நாதத்துக்கு 5 வாட் வேண்டுமென்றால் அதன் தலைக்கு 50 வாட் ஒதுக்கிவைக்க வேண்டும். இதற்கு மேலாக அவர்கள் வலக்காலின்கீழ் ஒலியளவு மிதி ஒன்று உண்டு. மீட்டும்போது அதைப் பாதியில் நிறுத்திவைத்து, நாதம் தேயத் தேய மெல்ல அழுத்திக்கொண்டே போவார்கள். தேய்வும் அழுத்தமும் ஒன்றையொன்று சரிசெய்வதால் ஒலி வில்வாத்தியத்தைப்போல் நீண்டுகொண்டே போகும். அந்தப் பெரிய பெட்டி வாங்கப்படுவது சப்தத்துக்காக என்று நான் நினைத்தது தவறு. அடங்கப்போகும் ஒலியைக் கடைசிவரைக்கும் கைவிடாமல் தாங்க ஒரு விசாலம் வேண்டும். அந்த விசாலத்தைத்தான் அவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். முதியவரின் கேள்விக்கு விடை, செய்யூரிலிருந்து அவ்வளவு தூரத்தில், குடமே இல்லாத ஒரு வாத்தியத்தின் காலடியில் இருந்தது.

ஆயினும் அந்த விடையை அப்படியே எடுத்து என் மடியில் வைத்துக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர்களுக்குப் பெட்டியே குடம். எனக்குக் குடம் ஏற்கெனவே இருக்கிறது. பலாமரத்தில் குடைந்த அந்தப் பாத்திரமும், பிரதான தந்திகளுக்கடியில் தொடாமலே அதிரும் மெல்லிய தந்திகளும் சேர்ந்துதான் நான் இரவில் கேட்கும் அந்தத் தெளிவற்ற முடிவை உண்டாக்குகின்றன. மைசூர் அரண்மனை வித்துவானாக இருந்த நாராயண ஐயங்கார் வாசித்தபோது எதிரே இருந்தவர்கள் கேட்டது இந்தக் குடத்தை. அதன்மேல் இன்னொரு குடத்தைக் கவிழ்ப்பது நியாயமா? இந்த இடத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸின் ஞாபகம் வருகிறது. இரட்டைத் தந்திகள் கொண்ட சாதாரண மாண்டலினில் ஒரு மீட்டின் ஆயுள் நொடிப்பொழுது. அதில் தோடியின் காந்தாரத்தை அசைக்க அவகாசமே இல்லை. ஐந்து ஒற்றைத் தந்திகளும் மின்சாரமும் சேர்ந்து அந்த அவகாசத்தை அளித்தன. 1980களின் தொடக்கத்தில் சென்னைச் சபைகளில் அந்தச் சிறுவன் வாசித்ததைக் கேட்டவர்கள் கமகத்தைக் கேட்டார்கள். மின்சாரம் அங்கே சங்கீதத்தைக் கெடுக்கவில்லை. சங்கீதத்துக்கு இடம் தந்தது. ஆனால் அதுவும் எனக்குப் பூர்ண சமாதானமாகவில்லை, ஏனெனில் மாண்டலினுக்கு இல்லாத ஒன்று அங்கே கொடுக்கப்பட்டது. கோட்டுவாத்தியத்திடமோ இருப்பதை எடுத்துவிடாமல் இருக்க வேண்டும். நமக்கு வேண்டிய பெட்டி ஸ்டீல் கிதாரின் பெட்டியைப்போல் விசாலமாகவும், அதைக் காட்டிலும் வாய் பேசாததாகவும் இருக்க வேண்டும் என்ற அளவில் என் அபிப்பிராயத்தை இப்போது நிறுத்தியிருக்கிறேன்.

வாய் பேசாத பெட்டி என்பது இந்தக் கடற்கரையில் எளிதில் கிடைப்பதன்று. உப்புக்காற்று தந்தியைப் பத்துப் பதினைந்து நாளில் கறுக்கச் செய்வதைப்போலவே பெட்டியின் திருகுகளையும் துவாரங்களையும் பச்சை பூக்கச் செய்கிறது. திருப்பும்போதெல்லாம் கரகரவென்று மண் அரைபடும் ஓசை. எர்த் சரியில்லாத வீடுகளில் உறுமல் வேறு. இந்த உறுமலைப் பற்றி நான் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைகிறது. ஆகவே உறுமல் 50, 100, 150 என்ற அடுக்குகளில் ஒலிக்கிறது. நான் வாத்தியத்தை 3 கட்டை சுருதியில் கூட்டுகிறேன். அந்தச் சுருதிக்கு 50ம் 100ம் சாதாரண காந்தாரத்துக்குச் சற்றே மேல் விழுகின்றன; 150 கைசிகி நிஷாதத்துக்குச் சற்றே மேல். எனவே கரஹரப்ரியா வாசிக்கும் இரவுகளில் உறுமல் ராகத்தோடு ஒட்டிக்கொண்டு, இருப்பதே தெரியாமல் கிடக்கிறது. கல்யாணியை எடுத்த மாத்திரத்தில், அந்தர காந்தாரத்தின் கீழே, அழையாத ஒருவர் வேறு ராகத்தை முணுமுணுப்பது கேட்கத் தொடங்குகிறது. மீட்டு பலமாக இருக்கும்வரை தெரியாது. நாதம் அடங்கும்போது, கடைசி இழை எஞ்ச வேண்டிய இடத்தில், அவர் உட்கார்ந்திருப்பார். பெட்டியின் தராதரம் அதன் மௌனத்தில் இருக்கிறது என்பதை எனக்குக் காதால் நிரூபித்தது கல்யாணி ராகந்தான். சென்னை ரிச்சி தெருவில் மாடியறை ஒன்றில் பெட்டிகள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "சார், எல்லாரும் வால்யூமை ஏத்திப் பாப்பாங்க, நீங்க எறக்கிக் கேக்கறீங்க" என்றார். பிறகு, நான் கேளாமலே, எர்த் கம்பியைத் தனியாக இழுத்துப் பூமியில் இறக்கும் முறையைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார்.

வாசிப்பதற்கான பெட்டி ஒன்று, பதிவு செய்வதற்கான வழி வேறொன்று என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் இருந்துகொண்டு வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்காகச் செய்த ஒலிப்பதிவுகள் என் மனத்தை வெகுவாகப் பாதித்தவை. கிதாரை வழுக்கி வாசிக்கும் விஸ்வமோகன் பட்டும் ரை கூடரும் 1992ல் ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்ததை அவர் பதிவு செய்தது மறுவருஷம் வெளிவந்து, 1994ல் கிராமி விருது பெற்றது. 1995ல் தாஜ் மகால் என்ற அமெரிக்கப் பாடகரோடு விஸ்வமோகன் பட்டும் சித்திரவீணை ரவிகிரணும் வாசித்த 'மும்தாஜ் மகால்' வெளிவந்தது. சித்திரவீணை என்பது நம் கோட்டுவாத்தியத்தின் மறுபெயர்தான். வாத்தியத்தில் ஒட்டிய வில்லைகளை நம்பாமல், வாத்தியங்களுக்கு எதிரே ஒரு ஜோடி மைக்கை வைத்து, வாத்தியமும் அது ஒலிக்கும் கூடமும் சேர்ந்து தருவதை வால்வுக் கருவிகளின் வழியாக நாடாவில் ஏற்றுவது அலெக்சாண்டருடைய முறை. அந்தப் பதிவுகளில் மீட்டுக்குப் பின் சுவர் பதில் சொல்வது கேட்கிறது. நாதம் எங்கே முடிகிறது என்று அங்கேயும் என்னால் தீர்மானிக்க முடிவதில்லை. அதுதான் எனக்கு வேண்டியது. செய்யூரில் எனக்குத் தேவாலயம் இல்லை. செங்கல் தளம் போட்ட பழைய முன்கட்டு இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, குடத்திலிருந்து முழங்கை நீளத்துக்கு அப்பால் ஒரு மைக், எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு மைக் என்று வைத்துப் பார்த்தேன். பெட்டி இல்லாமலே பதிவு நன்றாக வந்தது. அதில் ஒரு புதிய சங்கடமும் வந்தது: கருங்காலிக் கட்டை தந்தியின்மேல் நகரும் உராய்வு, இலை சருகின்மேல் இழுபடுவதைப் போன்ற ஒரு சன்னமான ஓசை, ஸ்வரம் அடங்க அடங்க மேலெழுந்து கேட்கிறது. அடங்கும் நாதத்தைத் தூக்கிக் காட்டும் கம்ப்ரஷன் என்ற வித்தையைக் கையாண்டால் இதுவும் கூடவே தூக்கப்படும்; இதை அழிக்கும் வித்தையைக் கையாண்டால் நாதத்தின் கடைசி இழையும் கூடவே அழியும். பல நாள் இரண்டுக்கும் நடுவே அலைந்தேன். அந்த உராய்வை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு கை நகர்கிறது என்பதற்கு அது சாட்சி; அது கேட்கும் இடம்வரை நாதமும் இருக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

இந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செங்கல்வராய சாஸ்திரியின் கீர்த்தனைகள் மின்சாரம் எட்டாத காலத்தில் பாடப்பட்டவை. கந்தசாமி கோயில் பிராகாரத்தில் மாலை வேளையில் நடக்கும்போது, கருங்கல் சுவர்களுக்கிடையே ஒருவர் மெல்லப் பாடினால் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று அடியெண்ணிப் பார்த்திருக்கிறேன். ஜனங்கள் கிட்டே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்த முதியவர் பந்தலின் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை முன்னால் அழைக்க எனக்கு அதிகாரமில்லை, அவர் இருக்குமிடத்துக்கு நாதத்தின் முடிவைக் கொண்டுசெல்லும் கடமை மட்டும் இருக்கிறது. ஆகவே பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றும், 200 வாட் டிரான்ஸிஸ்டர் பெட்டி ஒன்றும், காண்டாக்ட் மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கி 10 லட்சம் ஓம் தடையைக் காட்டும் சிறிய சுற்று ஒன்றும் வாங்கியிருக்கிறேன். கூம்புகளை நம்பாமல், என் பெட்டியை என் பக்கத்திலேயே தரையில் வைத்து வாசிக்கிறேன். மைக்செட்காரர் வேண்டுமானால் அதன் எதிரே தம் மைக்கை வைத்துக்கொள்கிறார். வால்வுப் பெட்டியின்மேல் உள்ள ஆசை முழுவதும் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். இந்த உப்புக்காற்றில், இந்த மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில், அதை வைத்துக் காப்பாற்ற என்னால் ஆகாது.

கோட்டுவாத்தியமோ வீணையோ ஹவாயன் கிதாரோ வாசிக்கிறவர்கள் யாரேனும் பெட்டி வாங்கப் போவதாக இருந்தால் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. உங்கள் வாத்தியத்தையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியை இயக்கிவிட்டு, மீட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா இருந்து அதன் மௌனத்தைக் கேளுங்கள். பிறகு ஒரே தடவை மீட்டி, கையை அசைக்காமல், ஒலி அடங்கும்வரை காத்திருங்கள். தெருவின் இரைச்சலில் அது கேட்காவிட்டால், கடை அடைக்கும் நேரத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை கேளுங்கள்.